படிகத்துக்குள் இருந்த பிற்பகல்

கருவேலங்காட்டைத் திருத்திக் கட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், இயற்பியல் துறையின் மாடியில், மங்கையர்க்கரசி என்று ஒருத்தி படிகம் வளர்த்துக்கொண்டிருந்தாள். பெயரில்தான் மங்கையர்க்கெல்லாம் அரசி. ஆட்சி செலுத்த வாய்த்ததோ ஒரு மேசை, சூடு மாறாமல் காக்கிற ஒரு தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் கண்ணாடிக் குவளைகள், அவ்வளவுதான். மாடு வளர்ப்பவர்கள் உண்டு, கோழி வளர்ப்பவர்கள் உண்டு, பிள்ளை வளர்ப்பவர்கள் ஊர் முழுக்க உண்டு. இவளோ சமையலுக்கு ஆகாத ஏதோ ஒரு உப்பை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, குவளையில் ஊற்றி, அதற்குள் கடுகளவு விதைப்படிகம் ஒன்றை நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, குவளையின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடி, தாளில் ஊசியால் ஓட்டை குத்தி, தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக ஆவியாகப் போகப் போக விதை வளர்ந்து கல்லாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த வேலைக்கு அறிவு கொஞ்சம் இருந்தால் போதும், அடக்கம்தான் நிறைய வேண்டும். கதவை அறையக்கூடாது, நாற்காலியை இழுக்கக்கூடாது, மேசையில் சாய்ந்துகொண்டு சிரிக்கக்கூடாது. குவளை ஒரு தரம் அசைந்தால் மாதக்கணக்காய் வளர்ந்த கல் தெளிவு கெட்டுப் போகும். பதறிய காரியம் சிதறும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, அரசிக்கு அது பாடத்திட்டம். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, "கல்லு வளந்துருச்சாடி?" என்பதுதான். அதைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, அரசி சிறுநீரகக் கல் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று முடிவு கட்டி, தன்னுடைய ஸ்கேன் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவைத்து, மருந்து என்ன என்று இன்றுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எதையாவது யோசிக்கத்தானே வேண்டும். போகிற தண்ணீருக்கு வழி விட்டால்தான் இருக்கிற உப்பு கல்லாகிறது, அப்படியென்றால் போகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டு நிற்கிற மனுஷிக்கு என்ன ஆகும் என்று யோசிப்பாள். ஓட்டையைச் சின்னதாகக் குத்தினால் கல் வளர வருஷமாகும், பெரிதாகக் குத்தினால் அவசரத்தில் பொடியாக உதிரும், மனசுக்கு எந்த அளவு ஊசி என்று யோசிப்பாள். யோசித்து முடிக்கையில் டீ ஆறிப்போயிருக்கும். அவள் இப்படியெல்லாம் யோசிக்க ஆரம்பித்தது சூசை போன பிறகுதான்.

சூசை என்கிற சூசைமாணிக்கம் அதே ஆய்வகத்தில் அடுத்த மேசை. அவனுக்கு உலையும், காற்றை உறிஞ்சி எடுக்கிற பம்பும் வேலை. கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய உலோகப் படலம் படிய வைக்கிறவன். கடற்கரை ஊர்க்காரன், மெதுவாகப் பேசத் தெரியாதவன், அரசியின் குவளைகளுக்காக மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டவன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்து வருவான். அவள் ஊரில் இல்லாத நாளில் அவளுடைய தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவான். இதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் இல்லை, இதற்குக் குறைவாகவும் இல்லை.

அந்தப் பிற்பகலில் மழை வரும்போல் இருட்டிக்கொண்டு கரண்டு போய்விட்டது. மின்விசிறி நின்றது, உலை நின்றது, தொண்டை கிழியக் கத்துகிற பம்பும் நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஆய்வகம் அன்றைக்கு இருந்த மாதிரி அமைதியாக அதற்கு முன்னால் இருந்ததேயில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. அதன் அடியில் காதர் பாய் தன் டீக்கடையின் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். கீழே தாழ்வாரத்தில் அட்டெண்டர் கோட்டைச்சாமிக்கு அவர் மனைவி பஞ்சவர்ணம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வைத்திருந்தாள். எதிர் அறையில் பேராசிரியர் திருஞானம், அவர்தான் அரசிக்குக் கைடு, போனில் யாருடனோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சூசை ஸ்டூலில் இருந்து எழுந்து அரசியின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அரசி, ஒண்ணு கேக்கணும்" என்றான். அவள் நிமிர்ந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா கரண்டு வர வேண்டும்? போன கரண்டு திரும்பி வரும்போது எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் நுழைகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அதைப் படித்துப் பட்டம் வாங்கினவர்கள் யாரும் இதுவரை ஒரு ஸ்விட்சை அணைத்ததில்லை. பம்பு ஒரே அலறலாய் அலறியது. சூசையின் உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அவன் உலை கெட்டுவிடுமே என்று ஓடினான், அவள் தொட்டி ஆறிவிட்டதே என்று குனிந்தாள். அப்புறம் அவனும் கேட்கவில்லை, அவளும் என்ன என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் கூச்சம். அந்தக் கூச்சம் ஒரு மாதம் நீடித்தது, பிறகு அவன் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பேருந்து நிலையத்தில் அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள், "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா, அங்க குளிர் ஜாஸ்தியாம்" என்றாள்.

தொட்டி ஆறினதால் அன்றைக்குக் குவளைக்குள் இருந்த கல் அவசரப்பட்டு வளர்ந்துவிட்டது. அவசரத்தில் வளர்கிற படிகம், தன்னைச் சுற்றியிருக்கிற கரைசலில் ஒரு சொட்டை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். படிகக்காரர்கள் அதைக் குற்றம் என்பார்கள். கல்லை வெளியே எடுத்தபோது கட்டைவிரல் பருமனில் நன்றாகத்தான் இருந்தது, நட்டநடுவில் மிளகளவு ஒரு குமிழி. அரசி அதைப் பஞ்சில் சுற்றி, கழித்துக்கட்டின கற்களோடு அலமாரிக்குள் போட்டுவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் பஞ்சவர்ணம் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டாள். சாலையை அகலப்படுத்தி வேப்பமரத்தை வெட்டினார்கள். திருஞானம் துறைத்தலைவரானார், சிரிப்பதை நிறுத்தினார். சூசையின் போன் வாரத்துக்கு ஒன்றாய் இருந்தது மாதத்துக்கு ஒன்றாகி, பொங்கல் வாழ்த்தாகிச் சுருங்கியது. அரசி வளர்த்த மற்ற கற்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் விரிசல் கண்டன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற கெடு நெருங்கியது. வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து அந்தக் குற்றமுள்ள கல்லை எடுத்து, குமிழியை ஒதுக்கிவிட்டு எங்கே வெட்டலாம் என்று பார்க்க மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள்.

குமிழிக்குள் அந்தப் பிற்பகல் இருந்தது.

முழுசாக இருந்தது. இருட்டிக்கொண்டு வந்த வானம் இருந்தது, வேப்பமரம் இலை உதிராமல் இருந்தது, ஆய்வகத்தின் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் சூசை ஸ்டூலிலிருந்து எழுந்து நடந்து வந்து நின்று வாயைத் திறந்தான். உடனே விளக்கெரிந்து எல்லாம் கலைந்து, மறுபடி இருட்டிக்கொண்டு வந்து, மறுபடி அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். அரசி நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, லென்ஸைத் துடைத்துவிட்டு, திரும்பவும் பார்த்தாள். குறுகுறுவென்று இருந்தது அவளுக்கு. அவன் சட்டையின் மேல்பித்தான் அறுந்திருந்ததை இவ்வளவு நாளாய் மறந்துபோயிருந்தாள்.

சங்கதி துறைக்குத் தெரிய நேரமாகவில்லை, துறையிலிருந்து விடுதிக்குத் தெரியவும் நேரமாகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வந்தவர்கள் ஒருவரும் இது எப்படி என்று கேட்கவில்லை, அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்றுதான் கேட்டார்கள். கல்லுக்குள் உப்பு இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், பிற்பகல் இருக்கக்கூடாதா என்று சொல்லிவிட்டுக் காதர் பாய் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர், "அடடா, எம் மரம்" என்றார், அதன்பிறகு தினம் முதல் டீயை யாருக்கும் விற்காமல் மாடிக்குக் கொண்டுவந்து அரசியின் மேசையில் வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். விடுதிப் பிள்ளைகள் தங்கள் அக்காமார்கள் மரத்தடியில் சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்க வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றுவது யாரும் சொல்லாமலே வழக்கமானது. மாடிப்படியில் ஓடுகிறவனைக் கண்டால், "மெதுவாப் போடா, பிற்பகல் அசைஞ்சுரும்" என்று அதட்டினார்கள். கணிதத்துறைக்காரர்கள்கூடக் கதவை அறையாமல் சாத்தக் கற்றார்கள். யாரோ மைக்ராஸ்கோப்பின் தலையில் குங்குமம் வைத்துவிட்டார்கள், அரசி துடைத்தாள். மறுநாள் மறுபடி வைத்தார்கள், மறுபடி துடைத்தாள். கடைசியில் லென்ஸில் படாமல் வைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திருஞானம் இதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். பெயர் தெரியாத நடுவர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: முடிவுகள் ஆர்வமூட்டுகின்றன, ஆனாலும் ஒரு பிற்பகல் போதாது, குறைந்தது ஒரு முற்பகலையாவது இதே முறையில் வளர்த்துக் காட்டவும். திருஞானம் அதைப் படித்துவிட்டு, "இவன் என்னைக்கு எதை ஒத்துக்கிட்டான்" என்று மூலையில் போட்டார்.

சூசையின் உதட்டைப் படிப்பது ஊர்வேலையாகிவிட்டது. "டீ குடிக்கப் போவமான்னு கேக்குறான், வேறென்ன" என்றார் காதர் பாய். விடுதிப் பிள்ளைகள் ஒருவர் விலாவில் ஒருவர் இடித்துக்கொண்டு, "அக்காவுக்குத் தெரியாதா என்ன கேட்டாருன்னு" என்றார்கள். வேதியியல் துறையில் ஒருவன், அந்த உதட்டசைவில் கேட்கக்கூடிய ஒரே கேள்வி குவளை கழுவ அசிட்டோன் இருக்கிறதா என்பதுதான் என்று அடித்துச் சொன்னான். அரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்குள் ஒரு பதில் இருந்தது, அது மட்டும் உண்மையாக இருந்துவிட்டால் போதும் என்று வேண்டாத தெய்வமில்லை. அது பொய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் நடுநடுவே வந்தது.

கோட்டைச்சாமி மட்டும் எல்லாரும் போன பிறகு வருவார். அரசியைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரை அண்ணே என்பாள். வந்து, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து, ஜன்னலையும் மரத்தையும் விட்டுவிட்டுக் கீழே தாழ்வாரத்தைப் பார்ப்பார். அங்கே பஞ்சவர்ணம் தூக்குவாளியைத் திறந்து, தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றி, அவர் முன்னால் நகர்த்துவாள்; அவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து, ஏதோ சொல்லி, தட்டைத் தள்ளிவிடுவார்; அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொள்வாள். திரும்பத் திரும்ப அதே.

"என்னண்ணே சொன்னீங்க அன்னைக்கு?" என்று ஒருநாள் அரசி கேட்டாள்.

"என்னத்தச் சொன்னேன், ரசத்துல உப்பு இல்லன்னேன். அவ்வளவு தூரம் வேகாத வெயில்ல நடந்து வந்தவகிட்ட." அவர் கண்ணைத் துடைத்தார். "நல்லது பொல்லது எவ்வளவோ நடந்துச்சு பாப்பா எங்களுக்குள்ள. அது அத்தனையும் விட்டுட்டு, இந்த ஒண்ணப் போயி இந்தக் கல்லு புடிச்சு வச்சிருக்கு பாரு."

இதற்கிடையில் கெடு நெருங்கிக்கொண்டே இருந்தது. திருஞானம் அரசியைக் கூப்பிட்டனுப்பினார். "இங்க பாரும்மா, ஊரே வந்து பாக்குது, சந்தோஷம். ஆனா பிற்பகலைக் காட்டிப் பட்டம் வாங்க முடியாது. குமிழியைச் சுத்தி எடம் சுத்தமா இருக்கு. வெட்டு, மெருகு போடு, அளவு எடு, தீசிஸை முடி. குமிழி உடைஞ்சா உடையட்டும்." அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மாவுக்கும் வயதாகிறது, மகள் கல் வளர்க்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் வாய் வலித்துவிட்டது.

வெட்டுவதற்கு முன் ஒரு முகத்தையாவது மெருகு போட்டுப் பார்க்கலாம் என்று, ஈரப் பட்டுத்துணியை விரித்து அரசி கல்லை அதன்மேல் மெல்லத் தேய்த்தாள். தண்ணீரில் கரைகிற கல்லுக்கு ஈரத்துணியே மெருகு. இரண்டு இழுப்பு இழுத்திருப்பாள், ஆய்வகத்தில் மழைக்கு முந்தின புழுதி வாசம் வந்தது. இன்னொரு இழுப்பில் வேப்பமரத்துக் காகம் ஒன்று கரைந்தது. மரம் வெட்டி எவ்வளவோ நாளாகியிருந்தது. இன்னொரு இழுப்பில், எதிர் அறையிலிருந்து வாய்விட்ட சிரிப்பு ஒன்று ஒரு கணம் கேட்டு நின்றது. திருஞானம் தன் அறையிலிருந்து வெளியே வந்து, யார் சிரித்தது என்று நாலு பக்கமும் பார்த்து, அது தன்னுடைய சிரிப்புத்தான் என்று கண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரசி கல்லைத் துடைத்துப் பஞ்சில் வைத்தாள்.

கரைத்தால் வெளியே வரும் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒரு தரம்தான் வரும் என்பதும் புரிந்தது, ஏனென்றால் கரைந்த தண்ணீர் அப்படியே நிற்காது, காய்ந்துவிடும். பஞ்சாயத்து கூடியது. வைத்துக்கொண்டு காலமெல்லாம் பார்க்கலாமே என்றார்கள் சிலர். பார்த்து என்ன செய்ய, ஒரு தரம் உள்ளே போய் வரலாமே என்றார்கள் சிலர். கல் அவளுடையது, அவள் சொல்லட்டும் என்று கடைசியில் எல்லாரும் அரசியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள், "எனக்கு இஷ்டமில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

கோட்டைச்சாமி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார். "பாப்பா, ஒன் படிப்புக்கு அது வேணும்னா நான் வாயே தெறக்கல. வெட்டிக்க. ஆனா வெட்டவும் மாட்டேன், கரைக்கவும் மாட்டேன்னு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கியே, அது எதுக்கு?"

அரசி பஞ்சிலிருந்து கல்லைக் கையில் எடுத்தாள். "அண்ணே, இப்ப அவன் என்ன கேக்கப் போறான்னு தெரியாது. தெரியாததால எதுவா வேணாலும் நெனச்சுக்கலாம். நெனச்சுக்கிட்டே எழுந்திருக்கேன், நெனச்சுக்கிட்டே படுக்குறேன். கரைச்சுட்டா கேட்ரும். அசிட்டோன் இருக்கான்னுதான் கேட்டான்னு வைங்க, அப்புறம் எனக்கு என்ன இருக்கு?" சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டாள்.

கோட்டைச்சாமி அவளைத் தேற்றவில்லை, அவருக்குத் தேற்றத் தெரியாது. "நான் தெனம் வந்து எம் பொண்டாட்டிய வையிறேன் பாப்பா. நான் வையிறத நானே பாக்குறேன். ஒரே ஒரு தரம் அந்தத் தட்டத் தள்ளாம சாப்பிட்டுட்டா, அப்புறம் செத்தாலும் பரவாயில்ல. அதுக்கு மேல ஒன் இஷ்டம்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அரசி கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூலில் கட்டித் தொங்கவிட்ட விதைபோல ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு, வளர்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு காலம் போய்விட்டதே என்று இருந்தது அவளுக்கு. ஜன்னல் வழியாக ஆகாயத்தைப் பார்த்தாள். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

திருஞானத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனாள். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இன்னிக்கு ஊர்லயே இல்ல" என்றார். சொன்னவர் எழுந்து வெளியே போகவில்லை. போனைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு உட்கார்ந்திருந்த மாதிரியே சாய்ந்து உட்கார்ந்தார். சங்கதி பரவி, அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்கள். காதர் பாய் முன்பு மரம் நின்ற தார்ச்சாலையின் ஓரத்தில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். கோட்டைச்சாமி தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார்.

அரசி கல்லை வெந்நீரில் விட்டாள். பிறகு, படிகம் வளர்க்கிற இத்தனை வருஷத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். சுவரோரம் போய் பம்பின் ஸ்விட்சை அணைத்தாள்.

கல் முனை மழுங்கி, மெலிந்து, கற்கண்டு மாதிரிக் கரைந்தது. குமிழி உடைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மின்விசிறி மெல்ல நின்றது. புழுதி வாசம் படியேறி வந்தது, காகம் கரைந்தது, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தன் இடத்தில் வந்து நின்றது. அதன் நிழல் காதர் பாயின் தலையில் விழுந்ததும் அவர் தொப்பியை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். எதிர் அறையில் திருஞானம் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார். கீழே தூக்குவாளியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "ஏன் இம்புட்டு நேரம்?" என்று கோட்டைச்சாமியின் குரல் கேட்டது, "வர்ற வழியெல்லாம் வெயிலு கொஞ்சமாவா அடிச்சுச்சு, இப்பத்தான் இருட்டுது, இந்தா, சூடாறுறதுக்குள்ள தின்னுங்க" என்று ஒரு பெண்குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டுப் படிக்கட்டில் நின்ற விடுதிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த மேசையில் ஸ்டூல் நகர்ந்தது. சூசை எழுந்து நின்றான். மேல்பித்தான் அறுந்த அதே சட்டை. அவனுக்கு எதுவும் தெரியாது. அவனுக்கு அது வெறும் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, கரண்டு போன ஒரு மத்தியானம். அரசிக்குத்தான் எல்லாம் தெரியும். எழுந்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் குவளை அசைந்துவிடுமே என்கிற பழக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் பூனை மாதிரி நடந்து வந்தான்.

"அரசி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

கரண்டு வந்தது. குழல்விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டி எரிந்தது. பம்பு வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியில் சூசை கேட்டான்.

"கொரியாவுல வேலை கெடைச்சிருக்கு. இன்னும் பதில் போடல. போகவா வேணாமா?" அவன் பார்வை தரையில் இருந்தது. "நீ சொன்னா சரி."

ஆகக்கூடி அன்றைக்கு அவன் கேட்டது அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது எதற்கென்று இப்போது விளங்கியது. அவன் ஒரு பதிலுக்காக நின்றிருக்கிறான், அவள் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவன் போயாயிற்று, அங்கே பெரிய ஆய்வகம், பேரும் புகழும், பனியில் நிற்கிற போட்டோவெல்லாம் அனுப்பினான். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. நல்லா இரு, போ என்று பெருந்தன்மையாய்ச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் பெருந்தன்மையாய் இருந்து இருந்துதான் இந்தக் கதிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"போகாத" என்றாள் அரசி. குரல் உடைந்தது, அதனால் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள். "போகாத சூசை. எனக்கு நீ இங்க இருக்கணும்."

சூசை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, பிறகு அது மெல்ல இளகியது. டீ குடிக்கப் போகலாமா என்றால் எப்படிச் சொல்வானோ அப்படியே, "சரி" என்றான். தன் ஸ்டூலை அடி தேயாமல் தூக்கி, அவள் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். வெளியே முதல் தூறல் விழுந்தது. அவன் தோளும் அவள் தோளும் உரசாமல் உரசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், மொசைக் தரையில் சிந்தின தண்ணீர் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருமே, அப்படி அந்தப் பிற்பகல் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. மரம் போனது, நிழல் போனது, எதிர் அறையின் சிரிப்பு போனது. கடைசியாக ஸ்டூல் மட்டும் இருந்தது, அவள் பக்கத்திலேயே.

கீழே இறங்கிப் போனபோது கோட்டைச்சாமி வெறும் தரைக்கு முன்னால் உட்கார்ந்து, வலது கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். கையில் ரச வாசம் இருந்தது.

"உப்பு சரியா இருந்துச்சாண்ணே?"

"கம்மிதான் பாப்பா" என்றார் அவர். முகமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. "நல்லாருக்குடின்னு ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னேன். என்ன இன்னைக்கு ஐயா நல்ல மொகமா இருக்கீகன்னு கேட்டா."

அரசி மேலே வந்து, குவளையில் இருந்த கரைசலை வீணாக்காமல் வடிகட்டினாள். உப்பு எங்கும் போகாது. தண்ணீர் போனால் மறுபடி கல்லாகும். கடுகளவு விதை ஒன்றை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டாள், தாளால் மூடினாள், ஊசியை எடுத்தாள். திருஞானம் வாசலில் வந்து நின்று, கேட்காமலே ஆறு மாத நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் உதட்டோரத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு பாக்கி இருந்தது. சாயங்காலம் அம்மா போன் பண்ணி, கல்லு வளந்துருச்சாடி என்று கேட்டாள். கரைஞ்சு போச்சும்மா, மறுபடி மொதல்ல இருந்து வளக்கணும் என்று அரசி சொன்னாள். அம்மா பெருமூச்சு விட்டாள், அழுதியா என்று கேட்டாள், ஆமாம் என்றதும் வேறெதுவும் கேட்காமல் போனை வைக்காமல் இருந்தாள்.

சூசைமாணிக்கம் இப்போது எங்கே என்று துறையில் யாரைக் கேட்டாலும் கொரியாவில் என்றுதான் சொல்வார்கள். அரசியும் அப்படித்தான் சொல்வாள், பொங்கலுக்கு வாழ்த்து வரும், பதில் அனுப்புவாள். ஆனால் அடுத்த மேசையின் ஸ்டூலை அவள் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை, வேறு யாரையும் நகர்த்தவும் விடவில்லை. ஒரு பிற்பகலில், மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு பிற்பகலில், அவள் போகாதே என்று சொல்லியிருக்கிறாள், அவன் சரி என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறான்.